செருப்புக் காவல்

குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனால், யாராவது ஒருவர் செருப்புகளுக்குக் காவல் இருந்தாக வேண்டும். எல்லாக் குடும்பங்களிலும் இந்த உத்தியோகத்துக்கு ஓர் ஆள் உண்டு. எங்கள் குடும்பத்தில் அது நான்தான். மற்றவர்கள் நனைவதற்கென்று பிறந்தவர்கள். அவர்களுடைய செருப்பு, கைக்கடிகாரம், கைப்பேசி, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்காருவதற்கென்று பிறந்தவன் நான். இருபது வருஷங்களாக இந்தப் பதவியை வகித்துவருகிறேன். இதற்குப் போட்டி போட்டு யாரும் வந்ததில்லை. என் காவலில் ஒரு செருப்புகூடத் தொலைந்ததும் இல்லை.

"கதை எழுதுகிறவர் அல்லவா? அலையைப் பார்த்துக்கொண்டு ஏதோ கற்பனையில் ஆழ்ந்திருக்கிறார்" என்று உறவினர்கள் பேசிக்கொள்வார்கள். அது ஒரு மரியாதையான அபிப்பிராயம். அதைக் கலைப்பானேன் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

என் பதவிக்கு ஆபத்து, என் மனைவியின் தம்பி ரூபத்தில் வந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிற மனிதர். வாரத்தில் ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிப்பதை, மீதி இரண்டு நாளில் தண்ணீரில் செலவழிப்பவர். ரிஷிகேசத்துக்கு மேலே சிவபுரியிலிருந்து ரப்பர்த் தெப்பத்தில் ஏறிக்கொண்டு, பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் கங்கையில் இறங்கி வந்தாராம். அந்தப் புகைப்படங்களை எங்களுக்குக் காட்டினார். தெப்பத்தில் எட்டுப் பேர். எட்டு வாயும் திறந்திருந்தன.

"கூலி கொடுத்தா இப்படிக் கத்துகிறார்கள்?" என்று கேட்டேன்.

"நாமதான் பணம் கட்டணும் மாமா" என்றார். "இந்த வருஷம் நாலு நாள் எல்லாரும் போறோம். படகு, கூடாரம், ஆத்தங்கரையில சமையல். நீங்களும்தான்."

நான் வழக்கம்போல் ஆட்சேபணைகளை அடுக்கினேன். தூரம், குளிர், குழந்தைகளின் படிப்பு, என் தொடர்கதையின் அடுத்த அத்தியாயம். அப்போது சமையலறைக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"அவ்வளவு தூரம் எதுக்கு? எங்க ஊர்லயே தண்ணி இல்லையா?"

அவளுக்குப் பிறந்த ஊர் வெள்ளாற்றின் வடகரையில் இருக்கும் பரங்கிப்பேட்டை. ஆற்றுக்குத் தெற்கே பிச்சாவரம் காடு. மேற்கே சிதம்பரம். வடக்கே கடலூர். ரிஷிகேசத்துக்கு நான் சொன்ன ஆட்சேபணைகளில் ஒன்றுகூட இந்த இடங்களுக்குப் பொருந்தவில்லை. தை மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி, பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பதினாறு வயசுப் பிள்ளையும் பதினொரு வயசுப் பெண்ணும் சகிதமாகப் புறப்பட்டோம்.

மைத்துனர் தம்முடன் இரண்டு மூட்டைகள் கொண்டுவந்தார். பம்பினால் காற்றடித்தால் அவை படகுகளாகிவிடுமாம். 'கயாக்' என்று பெயர். வடதுருவத்தை ஒட்டிய பனிப் பிரதேசங்களில் வாழும் இன்யூட் மக்கள், எலும்பினாலும் மரத்தினாலும் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலைப் போர்த்தி, வேட்டைக்குப் போவதற்காகச் செய்த படகு அது. அவர்கள் பிழைப்புக்காக ஏறியதில் நாம் பொழுதுபோக்குக்காக ஏறுகிறோம். நம்முடைய கட்டுமரத்துக்கும் அதே கதிதான். தமிழ்ப் பெயரையே திரித்து இங்கிலீஷ் அகராதியில் சேர்த்துக்கொண்டு, மேனாட்டுக் கனவான்கள் அந்தப் பெயரில் உல்லாசப் படகு ஓட்டுகிறார்கள்.

முதல் நாள் காலை திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கினோம். தெப்பப் பிரயாணம் செய்கிறவர்கள் கும்பிட்டுவிட்டுத் தொடங்க வேண்டிய ஊர் அது. திருநாவுக்கரசரைக் கல்லோடு சேர்த்துக் கட்டிப் பல்லவ மன்னன் கடலில் போட, அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து வந்து அவரைக் கரை சேர்த்தது இங்கேதான் என்பது ஐதிகம். கரையேறவிட்டகுப்பம் என்றே இங்கு ஓர் இடம் இருக்கிறது. கோயிலில் இந்தக் கதையைச் சொன்னபோது என் பெண் கேட்டாள்: "அவருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லையாப்பா?"

"நம்பிக்கைதான் அவருக்கு லைஃப் ஜாக்கெட்" என்றேன். இந்த மாதிரி பதில்கள் எனக்குத் தட்டுத் தடங்கலின்றி வரும். நம்பிக்கைதான் வராது.

சாயங்காலம் தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரைக்குப் போனோம். நான்கு ஜோடிச் செருப்புகளோடு நான் மணலில் அமர்ந்தேன். அந்தக் கரை எனக்குப் புதிதல்ல. ஆனால் இருபது வருஷங்களாக அங்கே கால் வைத்ததில்லை. கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, ஊர்ப் பக்கத்து மாடி வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தேடிய வீடு அதில் எது என்று அடையாளம் தெரியவில்லை.

பிள்ளை நனைந்த உடம்போடு வந்து என் எதிரே நின்றான். என்னைவிட நாலு விரற்கடை உயரம் அவன்.

"ஒரு தடவைகூட இறங்க மாட்டீங்களா?"

"செருப்பை யார் பார்த்துக்கிறது?"

அவன் பதில் பேசாமல் திரும்பிப் போய்விட்டான். அதற்கு முந்தைய வருஷம் அவனுடைய பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பு ஆரம்பித்தார்கள். பெற்றோர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட நான் மறுத்துவிட்டேன். காரணம் கேட்டான். காரணம் இல்லை என்றேன். அன்று முதல் எங்களுக்குள் சம்பாஷணை 'ம்', 'சரி' என்ற இரண்டு வார்த்தைகளில் நடந்துகொண்டிருந்தது. தந்தை பதவியில் பதினாறு வருஷ அனுபவம் இருந்தும், இதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் சிதம்பரம். நடராஜரைத் தரிசித்துவிட்டு, சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் சாப்பிட்டோம். இந்தக் கொத்சு மற்ற ஊர்களில் ஏன் இந்த ருசியாக அமைவதில்லை என்பதும் ஒரு சிதம்பர ரகசியமே.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்தது தில்லை மரம். ஆனால் ஊருக்குள் தில்லைவனம் இல்லை. அந்த மரத்தைப் பார்க்க வேண்டுமானால் கிள்ளை வழியாகப் பிச்சாவரத்துக்குப் போக வேண்டும். தெய்வம் ஊரில் தங்கிவிட்டது; மரம் உப்பங்கழியில் இருக்கிறது.

பிச்சாவரத்துக் காட்டுக்குள் வழி தெரியாதவர்கள் தாமாகப் போய்விட முடியாது. நீர்வழிகள் ஒன்றைப்போல் ஒன்று இருந்து ஆளை ஏமாற்றும். ஆகையால் சுற்றுலாத் துறையின் படகுத்துறையில் துடுப்புப் படகு ஒன்றை அமர்த்திக்கொண்டோம். 'செருப்போடு ஏறலாம்' என்று சொன்னார்கள். ஆகவே எனக்கு அங்கே உத்தியோகம் இல்லாமல் போயிற்று. லைஃப் ஜாக்கெட்டை இரண்டு முறை இழுத்துக் கட்டிக்கொண்டு, படகின் நட்டநடுவில் பிள்ளையார் மாதிரி அமர்ந்தேன்.

படகோட்டி ஐம்பது வயசுக்காரர். "எம்.ஜி.ஆர். வந்தாரு சார், 'இதயக்கனி' எடுக்க" என்று தொடங்கினார். 1975-ல் வெளிவந்த படம். அவருக்கு அப்போது நினைவு தெரிந்திருக்காது. ஆனாலும் நேரில் பார்த்தவரைப்போலவே சொன்னார். நான் கதை எழுதுகிறவன். இந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

துறையைவிட்டுக் கொஞ்ச தூரம் போனதும் இரு பக்கமும் மரங்கள் நெருங்கிவந்து தலைக்குமேல் கூரை போட்டன. சப்தம் அடங்கிவிட்டது. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீரின் ஓசை மட்டும் கேட்டது. சுரபுன்னை மரம் அடிமரத்திலிருந்து வில்லாக வளைந்த வேர்களைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு, நடக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டதுபோல் நிற்கிறது. அதன் விதை மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய்போல நீண்டு தொங்கி, பிறகுதான் கீழே விழுகிறது. வெண்கண்டல் மரமோ சேற்றுக்கு மேலே பென்சில் பென்சிலாக வேர்களை நீட்டி மூச்சு விடுகிறது. சற்று மேட்டில் தில்லை மரம். அதைக் காட்டி, "கிளையை ஒடிக்காதீங்க. பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்" என்றார் படகோட்டி. தள்ளி நின்றுதான் தரிசிக்க வேண்டிய மரம் போலிருக்கிறது.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே, கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கிற இடத்தில், சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் இருக்கிறது இந்தக் காடு. 2022-ல் இதை ராம்சார் பட்டியலிலும் சேர்த்தார்கள். ஆனால் ஒரு காலத்தில் இந்தக் காட்டின் கணிசமான பகுதி அழிந்துகிடந்தது. அதன் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

வெள்ளைக்காரர் காலம் தொட்டு, பகுதி பகுதியாக மரங்களை மொட்டையடித்து வெட்டினார்கள். வெயில் நேரே விழுந்ததும் ஈரச் சேறு காய்ந்து தாழ்ந்து, நிலம் தட்டுப்போல் குழிந்துவிட்டது. பெரிய ஏற்றத்தின்போது கடல் நீர் அதற்குள் வந்துவிடும்; திரும்பிப் போக வழி இருக்காது. நின்ற நீர் வற்ற வற்ற உப்பு ஏறியது. உப்பு ஏறிய மண்ணில் எந்த விதையும் முளைக்கவில்லை. கடைசியில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து 1990-களில் ஒரு வழி கண்டார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. மீன்முள் வடிவத்தில் கால்வாய்கள் வெட்டினார்கள். வந்த தண்ணீர் திரும்பிப் போகத் தொடங்கியது, உப்புக் குறைந்தது, நட்ட கன்றுகள் பிழைத்தன.

"தண்ணி வர்றது தப்பில்ல சார்" என்றார் படகோட்டி. "வந்தது போக மாட்டாம நின்னுடுச்சுன்னாதான் மரம் செத்துப்போவும்."

என் பிள்ளை அவரிடம் சுனாமியைப் பற்றிக் கேட்டான். அவர் துடுப்பை நிறுத்திவிட்டுக் கிழக்கே காட்டினார். முகத்துவாரத்தை ஒட்டிய எம்.ஜி.ஆர். திட்டு முதலிய மணல்திட்டுகளில் இருந்த குடியிருப்புகளை அலை வாரிக்கொண்டு போயிற்று. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையும் இதைத்தான் சொன்னது. 'ஊர் இருந்த மேடும் கடலிலிருந்து உள்ள தூரமும் அல்லவா காரணம்?' என்று வேறு சில விஞ்ஞானிகள் வாதாடினார்கள். படகோட்டிக்கு இந்த வாதங்களில் சிரத்தை இல்லை. "எங்களைக் காடுதான் காப்பாத்திச்சு" என்று சொல்லிவிட்டுத் துடுப்பைப் போட்டார். நான் வாயே திறக்கவில்லை. என் மனைவி என்னைப் பார்த்ததை மட்டும் கவனித்தேன்.

காப்புக் காட்டுக்குள் இரவு தங்க முடியாது. வெள்ளாற்றங்கரையில் என் மனைவியின் உறவினர் ஒருவருக்குச் சவுக்குத் தோப்பு இருந்தது. அங்கே கூடாரம் அடித்தோம். மைத்துனர் புத்தகத்தைப் பார்த்து அடித்த கூடாரம் இரண்டு முறை விழுந்தது. என் மனைவி சவுக்குக் கழி நான்கை வெட்டிவரச் சொல்லி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிய கூடாரம் நின்றது. மூன்று கல் அடுப்பில் சோறு பொங்கினோம். கொசுக்களும் தங்கள் பங்குக்கு விருந்து உண்டன. நிலா ஏறிய பிறகு ஆறு பால் மாதிரி இருந்தது. நான் ஆற்றுப் பக்கம் தலையும் ஊர்ப் பக்கம் காலுமாகப் படுத்தேன். எழுந்து ஓடுவதானால் காலை மாற்ற வேண்டியதில்லை அல்லவா?

மூன்றாம் நாள் காலையில் கயாக்குகளுக்குக் காற்றடித்தார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் உட்காரலாம். ஒன்றில் மைத்துனரும் என் பெண்ணும் ஏறிக்கொண்டார்கள். இன்னொன்றில் என் பிள்ளையும் அவன் அம்மாவும் போவதாக ஏற்பாடு.

"எனக்குச் சமையல் இருக்கு. அப்பாவைக் கூட்டிட்டுப் போ" என்றாள் என் மனைவி.

சமையல் ஒன்றும் பிரமாதமில்லை. ரசமும் அப்பளமும்தான். நான் அவளைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்தாள். பிள்ளை என்னைப் பார்த்தான். அவன் முகத்தில், 'எப்படியும் வர மாட்டார்' என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தை என்னால் சகிக்க முடியவில்லை. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டேன்.

கயாக்கில் உட்கார்ந்தால் நாம் தண்ணீருக்கு மேலே இருப்பதில்லை, தண்ணீரோடு இருக்கிறோம். இடுப்புக்குப் பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது. துடுப்புக்கு இரண்டு புறமும் தட்டை. இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். நான் போட்ட துடுப்பில் பாதி தண்ணீரில் விழுந்தது. பாதி பிள்ளையின் முதுகில் தண்ணீரைத் தெளித்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் இருவருக்கும் ஏதோ ஒரு தாளம் கூடிவந்தது. நண்டுகளும் கொக்குகளும் என் பயத்தைக் கொஞ்சம் மறக்கச் செய்தன. மைத்துனர் நடு ஆற்றிலேயே போகச் சொல்லியிருந்தார். நாங்கள் ஒரு மீன்கொத்தியைத் தொடர்ந்து தென்கரையோரம் ஒரு கிளை வாய்க்காலுக்குள் நுழைந்துவிட்டோம்.

இந்தக் கரையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்குகிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஆறு மணிக்குச் சற்று மேல். மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தாமதமாக வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் பெரிசு, இறக்கமும் பெரிசு. இதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. அங்கே போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை. பகல் ஒரு மணிக்குப் படகு 'சரக்' என்று சேற்றில் உட்கார்ந்தது. துடுப்பால் தள்ளினோம். துடுப்புதான் சேற்றுக்குள் போயிற்று. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய்க்காலில் இருந்த மிச்சத் தண்ணீரும் மெல்ல மெல்லக் கிழக்கே நழுவிப் போய்விட்டது. கைப்பேசியை வழக்கம்போல் செருப்புகளோடு கரையில் விட்டு வந்திருந்தேன்.

சற்றுத் தள்ளி இரண்டு இருளர் பெண்கள் மார்பளவு நீரில் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. சேற்றை வெறுங்கையால் தடவி, இறாலைப் பிடித்து, ஓலைப் பறியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்து ஒருத்தி சிரித்தாள்.

"இறங்கிடாதீங்க சாமி, தொடை மட்டும் வாங்கும். தண்ணி இறங்குறது தெரியலையா? சும்மா குந்தியிருங்க. நாலு மணிக்கு அதுவே வந்து தூக்கிக்கும். தோப்புல சொல்லிடறோம்."

அவர்கள் போய்விட்டார்கள். தந்தையும் மகனுமாக, முன்னும் பின்னும், சேற்றின் மேல் ஒரு படகில் உட்கார்ந்திருந்தோம். எழுந்து போக முடியாது. பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்ள முடியாது. 'அப்புறம் பேசலாம்' என்று சொல்ல முடியாது. அப்புறம் என்பதே நாலு மணிக்குத்தான் வரும்.

அரைமணி கழித்து அவன் திரும்பாமலே கேட்டான்: "ஏன்ப்பா கையெழுத்துப் போடலை?"

நான் சொன்னேன். அவன் முகம் எனக்குத் தெரியாததால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு நண்பனைப் பார்ப்பதற்காகக் கடலூர் வந்திருந்தேன். காலையில் டீ குடித்துவிட்டுத் தேவனாம்பட்டினம் கரையில் உலாவிக்கொண்டிருந்தேன். எட்டரை மணிக்குமேல் இருக்கும். 'சுனாமி' என்ற சொல்லையே அன்றுவரை நான் கேட்டதில்லை. கடல் அலையாக வரவில்லை. எழுந்து நடந்து வந்தது. ஓடினேன். எல்லோரும் ஓடினார்கள். எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "அண்ணே! கையைக் குடுண்ணே!" என்றது. சின்னக் குரல். பையனா பெண்ணா என்றுகூடத் தெரியாது. நான் திரும்பவில்லை. முழங்கால்வரை தண்ணீர் வந்தபோது ஒரு மாடிப்படி அகப்பட்டது, ஏறிவிட்டேன். ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தேன். அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்குமேல் மாண்டுபோனார்கள். அந்தக் குரல் அதில் உண்டா, இல்லையா? யாரைக் கேட்பது? பெயர் தெரியாது, முகமும் தெரியாது. பிழைத்திருந்தால் இப்போது முப்பது வயசு ஆகியிருக்கலாம். இருபது வருஷங்களாக நான் யாரிடமும் சொல்லவில்லை. எத்தனையோ கதைகள் எழுதினேன், இதை எழுதவில்லை.

சொல்லி முடித்தபோது என் நாக்கு உலர்ந்திருந்தது. அவன் வெகு நேரம் பேசாமல் இருந்தான். சேற்றில் நண்டுகள் வளையிலிருந்து எட்டிப் பார்த்தன.

"நீங்க திரும்பியிருந்தா நான் இருந்திருக்க மாட்டேன்ல?" என்றான்.

"அது கணக்குடா. பதில் ஆகாது."

"ம்." மறுபடி மௌனம். பிறகு, "ஆனா, அதுக்காக என்னை நீச்சல் தெரியாமலே வளர்த்தது சரியில்லப்பா. நாளைக்கு யாராவது என்கிட்டே கையைக் கேட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவனிடமிருந்து நான் எதிர்பார்த்தது ஆறுதல் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கிடைத்தது தீர்ப்பு. நியாயமான தீர்ப்பு. தண்ணீருக்குப் பயந்து பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் பயத்தையல்லவா அவனுக்குச் சொத்தாக எழுதிவைத்துக்கொண்டிருந்தேன்?

"சரியில்லைதான்" என்றேன். "கையெழுத்துப் போடறேன்."

"நீங்களும் கத்துக்கணும்."

"இந்த வயசிலயா?"

"ரெண்டு பேரும்" என்றான் கண்டிப்பாக.

மூன்றரை மணி சுமாருக்கு, படகுக்கு அடியில் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. விரல் கனம் தண்ணீர். சப்தமில்லை, அலையில்லை. போன வழியாகவே அது திரும்பி வந்துகொண்டிருந்தது. நண்டுகள் வளைக்குள் போயின. நாலு மணிக்குப் படகு ஒரு பக்கம் அசைந்தது. பிறகு மறு பக்கம். பிறகு யாரோ கீழிருந்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கினாற்போல் எழுந்துகொண்டது. நீரைக் கண்டு நான் சந்தோஷப்பட்டது இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. திரும்பும்போது என் துடுப்பு அவன் முதுகில் தண்ணீர் தெளிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். தெளித்தது. ஆனால் இந்தத் தடவை அவன் திட்டினான்.

அந்தப் பெண்கள் தோப்பில் சொல்லிவிட்டு, ஒரு பறி இறாலும் விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். அன்றிரவு இறால் குழம்பு. குழந்தைகள் தூங்கிய பிறகு, அணைந்துகொண்டிருந்த அடுப்பின் பக்கத்தில் என் மனைவியிடமும் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவள், "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"முழுசும் தெரியாது. மார்கழி வந்தா ராத்திரியில தூக்கத்துல கையை நீட்டுவீங்க. 'இந்தா, இந்தா'ம்பீங்க. நான் என் கையைக் குடுப்பேன். புடிச்சுக்கிட்டுத் தூங்கிடுவீங்க. காலையில உங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

"ஏன் என்னைக் கேட்கலை?"

"நீங்களாச் சொல்லணும்னு இருந்தேன்." அடுப்பில் இருந்த கொள்ளியைத் தள்ளிவிட்டு, "பின்னே ரிஷிகேசத்தை விட்டுட்டு இங்கே எதுக்கு இழுத்துட்டு வந்தேனாம்?" என்றாள்.

நான்காம் நாள் ரயிலுக்கு நேரமிருந்தது. மறுபடி வெள்ளிக் கடற்கரைக்குப் போனோம். நான் வழக்கமான இடத்தில் உட்காரப் போனேன். என் பெண் என் கையிலிருந்த செருப்புகளைப் பிடுங்கி மணலில் போட்டாள். ஐந்து ஜோடியும் ஒரே குவியலாகக் கிடந்தன. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் அலையில் கணுக்கால். இரண்டாவதில் முழங்கால். அதற்குமேல் போகவில்லை, வீரம் பேச விரும்பவில்லை. என் பிள்ளை என் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் எனக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு முழம் தள்ளி, அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டான். காலுக்கடியில் மணலை அரித்துக்கொண்டு அலை திரும்பிப் போயிற்று. நான் அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் நீச்சல் குளத்துக்குப் போகிறோம். அவன் குறுக்கே நீந்திப் போய்த் திரும்புகிறான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கிறேன். என் வகுப்பில் மற்ற மாணவர்களுக்கு ஏழு வயசு. அவர்களில் ஒருத்தி போன வாரம், "பயப்படாதீங்க தாத்தா" என்று தைரியம் சொன்னாள். 'தாத்தா' என்றதை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அன்று கடலிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது குவியலில் ஒன்பது செருப்புகள்தான் இருந்தன. என் இடது செருப்பைக் காணோம். நாய் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். இருபது வருஷக் காவலில் நேர்ந்த முதல் நஷ்டம். வலது செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு ரயில் ஏறினேன்.